பூட்டு-சாவி உவமையில் என்ன கோளாறு?

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கூம்பு நத்தைகளைப் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதினேன். திருச்செந்தூர்க் கடைகளில் பாசிமாலைக்கும் சோழிக்கும் நடுவில் விற்கிறார்களே, மேலே பழுப்பும் வெள்ளையுமாக வலை பின்னினதுபோல் இருக்கும் கூம்பு வடிவச் சங்கு, அதற்குள் குடியிருந்த பிராணி எவ்வளவு விஷமுள்ளது என்பதுதான் விஷயம். அதில் ஒரு பத்தி இப்படிப் போகும்: "நரம்பின் நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் ஒரு சாவி. தசையில் இருக்கும் ஏற்பி ஒரு பூட்டு. சாவி நுழைந்ததும் கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். நத்தையின் விஷம் சாவித் துவாரத்தில் மெழுகை அடைத்துவிடுகிறது."

படித்தவர்கள் எளிமையாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமைதான். இன்றைய கட்டுரை அந்தப் பத்தியின் மேல் ஒரு விமர்சனம். நான் மட்டும் செய்த தப்பு இல்லை என்பதால்தான் தனியாக எழுதுகிறேன். தமிழில் உடலியங்கியல் பற்றி யார் எழுதினாலும், பள்ளிக்கூடத்தில் யார் பாடம் எடுத்தாலும், முதலில் கைக்கு வருவது இந்தப் பூட்டும் சாவியும்தான். அது எந்த இடம்வரை நம்மைக் கூட்டிப்போகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்க்கலாம்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க

எனக்கு இந்த உவமைமேல் சந்தேகம் வந்தது புத்தகத்தால் அல்ல. என் தாய்மாமா ஏரல் பக்கம் வாழை போட்டிருக்கிறார். ஒருநாள் மூக்கில் துண்டுகூடக் கட்டாமல், எதிர்க்காற்றில் பூச்சிமருந்து அடித்தவர், சாயங்காலம் வரப்பிலேயே விழுந்துவிட்டார். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஏற்றினார்கள். மறுநாள் கண் முழித்துப் பேசினார். "மருமவனே, மோட்டார யாரு நிப்பாட்டுனா?" என்றுதான் முதல் கேள்வி. கண்டம் தாண்டியாச்சு என்று வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்க்க வந்த டாக்டர், "ஐயா, தலையை மட்டும் தலையணையிலிருந்து தூக்குங்க பாப்போம்" என்றார். மாமாவால் முடியவில்லை. டாக்டரின் முகம் மாறியது. மத்தியானத்துக்குள் மாமாவுக்கு வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள்.

"நுரை நின்னுட்டு, வேர்வை நின்னுட்டு, நேத்து நல்லாப் பேசுனாரே சார்?" என்று கேட்டேன். "அட்ரோபின் நிப்பாட்டுனது அதையெல்லாம்தான். தசையில இருக்கற ரிசப்டர் வேற. அது அசந்துபோய் நிக்குது. தானாத் திரும்பும், அதுவரைக்கும் மிஷின் மூச்சு விடட்டும்" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்து என் உவமையை வைத்து யோசித்துப் பார்த்தேன். அசிட்டைல்கோலினைச் சிதைப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது, அசிட்டைல்கோலினஸ்டரேஸ். ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை உடைத்துப் போடும். பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அப்படியானால் சாவிகள் பூட்டிலேயே கிடக்கும், கதவுகள் திறந்தே இருக்கும், தசை இழுத்துக்கொண்டு விறைக்க வேண்டும். முதல் நாள் தசைகள் துடித்தது சரி. மூன்றாம் நாள் மாமா ஈரத்துணிபோலத் துவண்டு கிடக்கிறாரே, அது எப்படி? சாவி கூடினால் கதவு ஏன் சாத்திக்கொள்ள வேண்டும்? பூட்டு-சாவியில் இதற்குப் பதிலே கிடையாது.

மாமா பிழைத்துக்கொண்டார். கேள்விதான் என்கூட வீட்டுக்கு வந்தது.

ஃபிஷர் சொன்னது வேறு

உவமையின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. 1894ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இதைச் சொன்னபோது நரம்பும் இல்லை, தசையும் இல்லை. சர்க்கரைகளையும் அவற்றை உடைக்கும் நொதிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆனால் கை மாறிய அமைப்பு என்றால் நொதி அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. ஏன் இந்தப் பாரபட்சம்? பூட்டுக்கேற்ற சாவிபோல இரண்டும் வடிவத்தில் பொருந்த வேண்டும் என்றார். அவர் கேள்வி, "யார் யாரோடு சேர்வார்கள்?" அதற்கு இந்த உவமை அருமையான பதில்.

அப்புறம் 1905ல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நிக்கோடினும் குராரேயும் தசைமேல் வேலை செய்வதைப் பார்த்து, தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். ஏற்பி என்ற கருத்து அங்கிருந்து வருகிறது. நாளடைவில் ஃபிஷரின் பூட்டு லாங்லியின் ஏற்பிமேல் வந்து தொங்கிக்கொண்டது. அதோடு கேள்வியும் மாறிப்போனது. "யார் சேர்வார்கள்?" என்பதற்குச் சொன்ன பதிலை "சேர்ந்த பிறகு என்ன நடக்கும்?" என்பதற்கும் சேர்த்து நாம் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டோம். பூட்டு என்றால் கதவு இருக்கும், சாவி திருகினால் திறக்கும். உவமைக்குள் இருக்கிற கதவை யாரும் சரிபார்க்கவில்லை.

அங்கே உண்மையில் இருப்பது

தசையில் இருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியக் காரணம் ஒரு மீன். மின் திருக்கை. நம் மன்னார் வளைகுடாவிலும் இந்த இனங்கள் உண்டு. அதன் மின் உறுப்பு முழுக்க இந்த ஏற்பி அப்பிக்கிடக்கும் என்பதால் ஆராய்ச்சிக்குக் கொள்ளை வசதி. கேம்பிரிட்ஜில் நைஜல் அன்வின் பல பத்தாண்டுகள் டார்பீடோ என்ற திருக்கையின் ஏற்பியையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீப்பாய்க்குப் பலகை அடுக்கியதுபோல ஐந்து புரத உறுப்புகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் துளை. அசிட்டைல்கோலின் வந்து உட்காரும் இடங்கள் இரண்டு. அவை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், இரண்டு பலகைகள் சேரும் பொருத்துவாயில் இருக்கின்றன. அயனியைத் தடுக்கும் இடம் கீழே, செல் சவ்வின் நடுவில். இரண்டுக்கும் இடையே சுமார் 5 நானோமீட்டர். ஒரு சோடியம் அயனியின் விட்டத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் தூரம். சாவியின் பல் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை!

தாழ்ப்பாள் என்று ஒன்று இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2003ல் அன்வின் குழு வெளியிட்ட படத்தில், மூடிய நிலையிலும் துளை அடைபட்டிருக்கவில்லை. மிகக் குறுகிய இடத்திலேயே ஏறத்தாழ 0.6 நானோமீட்டர் அகலம். வெறும் சோடியம் அயனி தாராளமாக நுழையலாம். ஆனால் சோடியம் தண்ணீரில் வெறுமனே திரியாது; தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் வரும். அந்தக் குறுகிய இடத்தின் சுவரோ எண்ணெய்த் தன்மை கொண்ட அமினோ அமிலங்களால் ஆனது. போர்வையோடு நுழைய இடம் பற்றாது. போர்வையைக் கழற்றினால் ஈடுகட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆக, கதவே இல்லாமல் வழி அடைபட்டிருக்கிறது.

அசிட்டைல்கோலின் உட்கார்ந்ததும் அதன்மேல் ஒரு வளைவு (சி-வளைவு என்கிறார்கள்) மூடிபோலக் கவிகிறது. வெளிப்பகுதி லேசாக முறுகுகிறது. அந்த முறுக்கு கீழே இறங்கி, துளையைச் சுற்றி நிற்கும் சுருள்களைச் சாய்க்கிறது. எண்ணெய் வளையம் கொஞ்சம் விரிகிறது; தண்ணீர் நிறைகிறது; அயனிகள் வினாடிக்கு ஒரு கோடி என்ற வேகத்தில் பாய்கின்றன. இதெல்லாம் ஒரு மில்லிவினாடி சமாச்சாரம். திறந்த நிலையைப் பிடிக்க அன்வின் 1995ல் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏற்பிகள் இருந்த மெல்லிய ஏட்டின்மேல் அசிட்டைல்கோலினைத் தூறலாக அடித்து, 5 மில்லிவினாடிக்குள் அதைத் திரவ ஈத்தேனில் முக்கி உறையவைத்துவிட்டார். கண் இமைக்க எடுக்கும் நேரத்தில் இருபதில் ஒரு பங்கு.

மூன்று இடத்தில் இடறுகிறது

இனி உவமையை நேராகச் சோதிக்கலாம். நான் மென்பொருள்காரன். பூட்டு-சாவியை நிரலாக எழுதினால் ஒரே ஒரு 'இஃப்' வரிதான்: இணைந்தால் திற, இல்லாவிட்டால் மூடு. இந்த ஒரு வரி மூன்று சோதனையில் தோற்கிறது.

முதலாவது, சாவியே இல்லாமலும் திறக்கிறது. 1976ல் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தசைநார்மேல் அழுத்தி, ஒற்றை ஏற்பி வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து காட்டினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஏற்பியாக உட்கார்ந்து கவனிக்க முடிந்தது. 1984ல் மேயர் ஜாக்சன், அசிட்டைல்கோலின் எதுவும் ஒட்டாத ஏற்பியும் மிக அரிதாகத் தானே திறந்து மூடுவதைக் காட்டினார். ஏதோ ஆய்வுக்கூட வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். மரபணுவில் ஓர் எழுத்து மாறிப்போய், ஏற்பி தேவைக்கு மேல் திறந்தே நிற்கும் பிறவிக் குறைபாடு இருக்கிறது. தசைகள் நாளாக நாளாக வலுவிழந்துபோகும். சாவியிலும் கோளாறு இல்லை, சாவித் துவாரத்திலும் கோளாறு இல்லாமல் இருக்கலாம். பீப்பாயின் ஒரு பலகை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, சாவி உள்ளே இருக்கும்போதே கதவு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. 1957ல் டெல் கஸ்டியோவும் பெர்னார்ட் காட்ஸும் 'ஒட்டுவது ஒரு படி, திறப்பது வேறு படி' என்று பிரித்துச் சொன்னார்கள். அப்போது அது ஊகம். பின்னால் டேவிட் கொல்கூனும் சாக்மனும் ஒற்றை ஏற்பிப் பதிவுகளில், ஒருமுறை வந்து ஒட்டிய அசிட்டைல்கோலின் விலகிப் போவதற்குள் ஏற்பி பலமுறை படபடவென்று திறந்து மூடுவதைக் கண்டார்கள். கோலின் என்ற மூலக்கூறும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். எவ்வளவு கொட்டினாலும் ஏற்பி சோம்பேறித்தனமாகத்தான் திறக்கும். பாதி சாவி என்று ஒன்று உண்டா என்ன?

மூன்றாவதுதான் மாமாவின் கதை. அதே 1957ல் காட்ஸும் தெஸ்லெஃபும் தசைமேல் அசிட்டைல்கோலினை விடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஏற்பி திறந்தது, கொஞ்ச நேரத்தில், அசிட்டைல்கோலின் அங்கேயே இருக்கும்போதே, செயலிழந்தது. இது பழைய மூடிய நிலை அல்ல, மூன்றாவது ஒரு நிலை. இந்த நிலையில் ஏற்பி அசிட்டைல்கோலினை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. வழி அடைத்துவிட்டது, சாவியையும் விடமாட்டேன் என்கிறது. எந்த ஊர்ப் பூட்டு இப்படிச் செய்யும்?

எந்த வடிவத்துக்குப் பொருத்தம்?

1965ல் ஜாக் மோனோ, ஜெஃப்ரீஸ் வைமன், ஜான்-பியர் ஷான்ஜூ மூவரும் நொதிகளையும் ஹீமோகுளோபினையும் மனதில் வைத்து ஒரு கருத்தை எழுதினார்கள். புரதம் ஏற்கெனவே இரண்டு மூன்று வடிவங்களுக்கு இடையில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. வருகிற மூலக்கூறு புது வடிவம் எதையும் செய்வதில்லை; தனக்கு எது அதிகம் பொருந்துகிறதோ அந்த வடிவத்தில் புரதத்தைக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கிறது. ஷான்ஜூ பிற்பாடு அசிட்டைல்கோலின் ஏற்பியையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

இதில் ஃபிஷரின் பொருத்தம் அப்படியே இருக்கிறது. கூடவே ஒரே ஒரு கேள்வி சேர்கிறது: எந்த வடிவத்துக்குப் பொருத்தம்? அந்த ஒரு கேள்வி எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் மூடிய வடிவத்தைவிடத் திறந்த வடிவத்துக்கு ரொம்ப நன்றாகப் பொருந்துகிறது. அதனால் தராசு திறப்பின் பக்கம் சாய்கிறது. கோலினுக்கு அந்த வித்தியாசம் கம்மி, அரைகுறையாகச் சாய்கிறது. யாரும் ஒட்டாதபோதும் ஊசலாட்டம் நிற்பதில்லை, அபூர்வமாகத் திறக்கிறது. செயலிழந்த வடிவத்துக்கு அசிட்டைல்கோலின் இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த வடிவத்துக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சாதாரணமாக நொதி ஒரு மில்லிவினாடிக்குள் அசிட்டைல்கோலினைக் காலிசெய்துவிடுவதால், ஏற்பி அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே வராது.

'இஃப்' வரி போய் ஸ்டேட் மெஷின் வந்துவிட்டது. நிலைகள் ஏற்பிக்குச் சொந்தம். மூலக்கூறு வந்து, எந்த நிலையில் எத்தனை நேரம் என்ற கணக்கை மாற்றுகிறது.

நத்தை சொல்லும் சாட்சி

"எல்லாம் சரி, விஷத்துக்கு உன் மெழுகு உவமை பொருந்துகிறதே" என்று ஒருவர் கேட்கலாம். அதையும் பார்த்துவிடுவோம். கூம்பு நத்தை மீனையோ புழுவையோ சின்ன ஈட்டி போன்ற பல்லால் குத்தி விஷம் ஏற்றும். ஜியாகிரஃபஸ் என்ற இனம் ஆளையே கொல்லும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவேராவும் லூர்து குரூஸும் 1970களில் அதன் விஷத்தைப் பிரித்தபோது, ஒரே நத்தையில் பல வகைச் சிறு புரதங்கள் வெளிவந்தன. அவற்றில் ஆல்ஃபா வகை, அசிட்டைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் உட்காருகிறது.

உட்கார்ந்து என்ன செய்கிறது? இதைப் பார்க்க இன்னொரு நத்தை உதவியது. குளத்து நத்தை ஒன்றில், ஏற்பியின் வெளிப்பகுதியை அச்சாக ஒத்த, துளையில்லாத புரதம் ஒன்று இருக்கிறது. 2001ல் ஆம்ஸ்டர்டாமில் டீட்டியா சிக்ஸ்மாவின் குழு அதன் அணு அமைப்பை வெளியிட்டது. 2005ல் கடல் முயல் என்ற பிராணியின் அதேவகைப் புரதத்தோடு கூம்பு நத்தை விஷம் சேர்ந்த படங்கள் வந்தன. திறக்கவைக்கும் மூலக்கூறு இருந்தால் சி-வளைவு உள்ளே கவிந்திருக்கிறது. விஷம் இருந்தால் அது வெளியே விரிந்து நிற்கிறது. நுனியில் கிட்டத்தட்ட 1 நானோமீட்டர் வித்தியாசம். மெழுகு என்றால் துவாரம் அப்படியே இருக்க, உள்ளே அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே விஷம் ஒரு ஆப்பு மாதிரி மூடியைக் கவியவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஏற்பியை மூடிய வடிவத்திலேயே நிறுத்திவைக்கிறது.

நம் கரையிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. நம் கடல்களில் கிடைக்கும் அமாடிஸ் என்ற கூம்பு நத்தையின் விஷத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் கூட்டுக் குழு, டெல்டா வகைப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்து 2003ல் வெளியிட்டது. ஏஎம்2766 என்று பெயர். இது வேலை செய்வது வேறொரு வழியில், மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் வழியில். அந்த வழி திறந்த கொஞ்ச நேரத்தில் தானே செயலிழக்க வேண்டும். அப்போதுதான் நரம்பு ஓயும். ஏஎம்2766 அதைச் செயலிழக்கவிடாமல் தடுக்கிறது. ஒரு விஷம் திறக்கவிடவில்லை, இன்னொரு விஷம் ஓயவிடவில்லை. இரண்டும் செய்வது ஒன்றே: ஒரு வடிவத்திலிருந்து அடுத்ததற்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அடைப்பான் உவமை சரியாக இருக்கும் இடமும் உண்டு. மேகஸ் என்ற கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வந்த சிக்கோனோடைட், 25 அமினோ அமிலம் கொண்ட வலி மருந்து. தண்டுவடத் திரவத்தில் நேரடியாகச் செலுத்துவார்கள். 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது கால்சியம் வழியின் துளைவாயில் மூடிபோல உட்காருவதை 2021ல் வெளிவந்த படங்கள் காட்டின. என் மெழுகை இந்த நத்தைக்கு எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

கண்டியில் பார்த்தது

மாமாவிடம் திரும்புகிறேன். அவர் பட்ட பாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது பிறந்ததும் பக்கத்துத் தீவில்தான். 1987ல் இலங்கையைச் சேர்ந்த சேனாநாயக்க, கறல்லியத்த என்ற இரண்டு மருத்துவர்கள், ஆர்கனோபாஸ்பேட் நஞ்சில் சிக்கிய 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் நாள் ஆபத்தைத் தாண்டியவர்கள், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், இடுப்பு, மூச்சுத் தசைகள் துவண்டு மறுபடி சாவின் வாசலுக்குப் போனார்கள். தசைகள் திரும்ப 18 நாள்வரை ஆனது. முதல் கட்டத்துக்கும், வாரங்கள் கழித்து வரும் நரம்புச் சேதத்துக்கும் நடுவில் வருவதால் 'இடைக்கட்ட நோய்' என்று பெயரிட்டார்கள். கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது ஏன் என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதன் உள்விவரம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. தீராத அசிட்டைல்கோலின் வெள்ளத்தில் ஏற்பிகள் செயலிழப்பதும் எண்ணிக்கையில் குறைவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் சக்சினைல்கோலினிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். அது இரண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற மூலக்கூறு. நொதியால் அதைச் சட்டென்று உடைக்க முடியாது. உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடும். அப்புறம் எல்லாம் தளரும். பக்கத்தில் இருக்கும் சோடியம் வழிகள் செயலிழப்பதற்கும் அதில் பங்கு உண்டு.

இங்கேதான் உவமை வெறும் அலங்காரம் இல்லை என்பது தெரிகிறது. பூட்டு-சாவியை நம்பிக்கொண்டிருந்த நான், நுரை நின்றதும் வீட்டுக்கு போன் போட்டேன். 'சாவி அதிகமாக இருந்தாலும் ஏற்பி செயலிழக்கும்' என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால், இரண்டாம் நாள் ராத்திரி கட்டிலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். டாக்டருக்குத் தெரிந்திருந்தது, மாமா பிழைத்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று அவசரப்படும் சொந்தக்காரர்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்!

பதிலுக்கு எதை வைப்பது?

விமர்சிப்பவன் மாற்றும் சொல்ல வேண்டுமில்லையா? எனக்குத் தோன்றியது முத்துச்சிப்பி. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961ல், நான் பார்த்ததில்லை. எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிப்பி தானாக வாய் பிளக்கும். காரணம், கீல் பக்கத்தில் இருக்கும் இழை வில்போல ஓட்டைத் திறக்கவே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தசை மூடப் பார்க்கிறது. தசை செத்தால் வில் ஜெயிக்கும். அங்கே சாவி கிடையாது. இரண்டு பக்கமும் இழுக்கும் ஒரு பொருள், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த உவமைக்கும் ஓட்டை உண்டு. சிப்பியின் தசை உயிரின் ஆற்றலைச் செலவழிக்கிறது. ஏற்பியை ஆட்டுவது சுற்றியிருக்கும் வெப்பத்தின் அலைக்கழிப்பு. சிப்பி ஒருமுறை பிளந்தால் முடிந்தது. ஏற்பி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மூன்றாவது நிலைக்குச் சிப்பியில் இடமே இல்லை. ஆகவே 'வடிவங்கள் ஏற்பிக்குச் சொந்தம்' என்ற ஒரு பாடத்துக்கு மட்டும் சிப்பியை வைத்துக்கொள்ளலாம்.

கலைச்சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. அயனிக் கால்வாய் என்று எழுதுகிறோம். கால்வாய் என்றதும் எப்போதும் திறந்து கிடக்கும் வாய்க்கால்தான் கண்முன் வருகிறது. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்புகிறவருக்கும், மாமாபோல வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும் 'மடை' என்ற சொல் தெரியும். மடை என்றாலே திறப்பதும் அடைப்பதும் அதற்குள் வந்துவிடும். அயனி மடை என்று எழுதிப் பார்க்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

பழைய கட்டுரையில் அந்தப் பத்தியை அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டுக் கீழே இதைச் சேர்த்திருக்கிறேன்: "தசையில் இருக்கும் ஏற்பி மூடியது, திறந்தது, செயலிழந்தது என்று சில வடிவங்களுக்கு இடையில் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அயனி மடை. அசிட்டைல்கோலின் திறந்த வடிவத்துக்கு நன்றாகப் பொருந்துவதால், அது ஒட்டியிருக்கும்போது மடை பெரும்பாலும் திறக்கிறது. நெடுநேரம் ஒட்டியே இருந்தால் மடை செயலிழந்துவிடும். பூச்சிமருந்து நஞ்சு ஏறியவர் முதல் நாள் தேறிவிட்டார் என்று அசந்துவிடாமல், நாலு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். கூம்பு நத்தையின் ஆல்ஃபா விஷம் அதே இடத்தில் உட்கார்ந்து, மடையை மூடிய வடிவத்திலேயே பிடித்துவைக்கிறது."

முன்னைவிட நீளம்தான். நாலு வாக்கியம் கூடினால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.